பதினோராவது பாட்டு

அனுஷா தன் செல்போனை மண் அள்ளும் இரும்புச் சட்டிக்குள் சாய்த்து வைத்தாள். அப்படி வைத்தால் சத்தம் எடுப்பாகக் கேட்குமாம். நூறு நாள் வேலைக்கு வந்திருந்த பதினெட்டுப் பொம்பளைகளும் சோற்றுத் தூக்கை மூடிவிட்டு, ஏரிக்கரைப் புளியமரத்தடியில் அந்தச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மண்வெட்டியைக் கழுவப் போகிறவள் மாதிரி எழுந்தேன்.

"இன்னாக்கா, எங்க போறே? உன் பாட்டத்தான் போடப் போறேன்," என்றாள் அனுஷா. எங்கள் காலனியில் முதன்முதலாகக் காலேஜ் முடித்த பெண். வேலைக்கு வந்தவர்களைப் போட்டோ எடுத்து வருகை பதிவு செய்வது அவள்தான்.

"முனிமா பாட்டா? அது காத்தோட போயி மாசம் ஏழாவுது," என்றாள் சிட்டம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். ஏழு மாதமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். போன வருஷம் திருமுக்கூடல் பக்கம் நாங்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தபோது சினிமாக்காரர்கள் இரண்டு பேர் வரப்பில் வந்து நின்றார்கள். பேசுவதைக்கூட ராகம் போட்டுப் பேசுகிற படமாம், மொத்தம் பதினாலு பாட்டாம். அதில் ஒரு நடவுப் பாட்டுக்குக் குரல் வேண்டுமென்று என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். இருபது வருஷமாக நான் பாடி நடுவேன், பின்னாலிருந்து நாற்றுக்கட்டு வீசுகிறவள் சிட்டம்மாள். அவளையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ கேட்டேன். ஓர் ஆள் போதும் என்றுவிட்டார்கள். அன்றைக்குத் திருப்பிக்கொண்ட முகத்தை அவள் இன்னும் நேராக வைக்கவில்லை.

அங்கே கண்ணாடி அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டிவிட்டார்கள். குரல் வரவில்லை. நின்று பார்த்தேன், அப்போதும் வரவில்லை. மானம் போகிறதே என்று வியர்த்துக் கொட்டியது. "அண்ணா, குனிஞ்சிக்கினு பாடட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். பாட்டுப் பதிவு செய்த அந்த மனிதர் சிரிக்கவில்லை. மைக்கை என் முழங்கால் உயரத்துக்கு இறக்கி வைத்தார். குனிந்தேன் பாருங்கள், மதகைத் திறந்தாற்போல வந்தது பாட்டு. கண்ணை மூடிக்கொண்டேன். கை தானாக நட ஆரம்பித்துவிட்டது. அந்த நினைப்பிலேயே, இருபது வருஷப் பழக்கம், பாட்டு நடுவில் வயலில் கத்துகிற மாதிரி ஒன்றைக் கத்தித் தொலைத்தேன். நல்லாயிருந்தது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் என்ன கத்தினேன் என்பதை நான் ஊரில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

படம் வந்தது. ஓகோ என்று ஓடியது. இரண்டு ஷேர் ஆட்டோ பிடித்து, காலனியில் பாதிப் பேரைக் காஞ்சிபுரம் தியேட்டருக்குக் கூட்டிப் போனேன். நடவுக் காட்சி வந்தது, கதாநாயகி சேற்றில் சிரித்தாள், அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள். என் குரலில் ஒரு துளிகூட இல்லை. படம் நீளமாகிவிட்டதால் வெட்டியிருப்பார்கள் என்று அனுஷா சமாதானம் சொன்னாள். எனக்கல்லவா தெரியும், என் வாய்தான் கெடுத்தது என்று. வீடு திரும்புவதற்குள் எனக்குப் 'பீத்தக்காரி' என்று பெயர் வைத்தாகிவிட்டது. வைத்தவள் சிட்டம்மாள்.

இப்போது படத்தில் வெட்டிய பாட்டுகளையும் சேர்த்து முழு ஆல்பம் விட்டிருக்கிறார்களாம். பதினோராவது பாட்டு ஆறு நிமிஷம் இருக்கிறதாம். அனுஷா அதைத் தொட்டாள்.

முதலில் வயலின்கள் கேட்டன. பிறகு தண்ணீரில் கால் வைக்கிற சத்தம். அப்புறம் ஒரு குரல்.

*கெண்டக்காலு நோவுதடி, கீழ்வானம் வேவுதடி...*

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அடையாளம் தெரியவில்லை. யாரோ பயமே இல்லாத ஒருத்தி பாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த அடியில் மூச்சை இழுத்தபோதுதான், அட, இது என் மூச்சு என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தக் குரலையா இத்தனை வருஷம் சேற்றுக்கும் கொக்குக்கும் பாடிக்கொண்டிருந்தேன்!

"ஐய, இது எவளோ பெரிய பாட்டுக்காரி," என்றாள் சிட்டம்மாள். "இவதான்னு இன்னா அத்தாட்சி கீது?"

அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தை நறுக்கியிருப்பார்கள், நறுக்கியிருக்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நறுக்கவில்லை. வயலின், மேளம், பின்பாட்டுக்காரர்கள் எல்லாம் அந்த இடத்தில் சட்டென்று நின்று வழிவிட்டார்கள். அந்த அமைதியில் என் குரல் தனியாக, வாய்விட்டுக் கத்தியது.

*ஏ சிட்டம்மா! நாத்து போடுடீ!*

கூப்பிட்டு முடித்த பிறகுதான் மேளம் திரும்பவும் ஆரம்பித்தது, அதுவும் இரண்டு மடங்கு வேகத்தில்.

அனுஷா என்னைப் பார்த்தாள், நான் சிட்டம்மாளைப் பார்த்தேன். அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு ஓடி முடிந்தது.

"நான்தான் அங்க இல்லியே," என்றாள் மெதுவாக. "இல்லாதவள ஏன்டி கூப்ட்டே?"

"கையில நாத்து தீந்துபோச்சி. வேற யாரக் கூப்புடுவேன்?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தாள். பிறகு எல்லோரையும் சுற்றிப் பார்த்து, "எம்பேரு வந்துச்சா இல்லியா? நல்லா கேட்டீங்களா?" என்று அதட்டினாள். "இன்னொரு வாட்டி வெய்டி அனுஷா. சத்தத்த ஏத்து. கரைக்கு அந்தாண்ட கீற ஆம்பளைங்களுக்கும் கேக்கட்டும்."

அனுஷா திரும்ப வைத்தாள். இந்த முறை சிட்டம்மாள் உட்காரவில்லை. என் குரல் ஏற ஏற, தலையில் சும்மாடாகக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாள். என்னையறியாமல் என் முதுகு குனிந்துவிட்டது.

*ஏ சிட்டம்மா...*

"இந்தா, புடி!"

திரும்பிப் பார்க்காமலே இடது கையைப் பின்னால் நீட்டினேன். துண்டு வந்து சரியாக உள்ளங்கையில் விழுந்தது.