ஒரு சாண் தண்ணீர்

ஒரு சாண் தண்ணீர், பாதி பச்சை பாதி கறுப்பு, படகின் விளிம்புக்கும் பலகைக்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இவர் ஏரியைப் பார்க்கிறார், படகு கட்ட இடம் வாடகைக்கு விடுகிற மரீனாக்காரப் பெண்மணி இவரைப் பார்க்கிறாள், வடமேல் காற்று இங்கே எப்படி, வெயில் ஏறினால் தண்ணீருக்குள் களை எவ்வளவு வளரும், பெற்றோல் இங்கேயே அடிக்கலாமா என்று இவர் தன்னுடைய தொழிற்சாலை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே போகிறார், எல்லாம் கேட்கிறார், இந்த ஒரு சாணைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார், கேட்கவேண்டியது அது ஒன்றுதான், போன வருடம் எங்கள் படகைக் கட்டியிருந்த இடத்தில் இலையுதிர்காலம் தொடங்கி ஏரி வற்றியபோது படகு கீழே போய்விட்டது, பலகை மேலேயே நின்றுவிட்டது, இறங்கப்போன இவருடைய இடது கால் இடைவெளிக்குள் போனது, நான் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தேன், சட்டை கிழிந்தது, ஆள் தப்பினார், முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்ததை மகள் தர்மினி பார்த்துவிட்டாள், அம்மா இன்னொரு இடம் பாருங்கோ, முதல்நாள் நானும் வந்து நிண்டு பாப்பன், அப்பாவுக்கு ஏறத் தோதில்லையெண்டா போட்டை வித்துப்போடுவம், பிறகு என்னோடை கதைக்கப்படாது என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அந்தப் பிடிவாதம் என் பக்கத்திலிருந்து வந்ததென்று இவர் சொல்வார்.

படகென்றால் பெரிய கப்பல் ஒன்றுமில்லை, இரண்டு பெரிய அலுமினியக் குழாய், அதன்மேல் ஒரு தட்டையான தளம், சுற்றிவர இருக்கைகள், மேலே ஒரு துணிக்கூரை, எங்கள் ஸ்காபரோ வீட்டு ஹோலைத் தூக்கித் தண்ணீரில் வைத்த மாதிரி இருக்கும், ஓய்வெடுத்த வருடம் பழசாக வாங்கினார், சந்தையில் ஒரு கப்பித்தான் தொப்பியும் வாங்கினார், அந்த மாரிக் குளிரில் ஸ்ட்ரோக் வந்தது, பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது, கால்தான் கொஞ்சம் இழுக்கிறது, ஊன்றுகோல் காரின் பின்பெட்டிக்குள் எங்களோடு ஊரெல்லாம் வருகிறது, அந்தப் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை, யாரும் கை கொடுத்தால் அந்தக் கையைக் காணாத மாதிரி வேறெங்கோ பார்ப்பார், ஆனால் அந்தப் படகில் ஏறிச் சுக்கானுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் காலுக்கு வேலையில்லை, தொப்பியைச் சரித்துப் போட்டுக்கொண்டு, சுருதி சேராமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, சிம்கோ ஏரியின் நடுவில் கரை மெல்லிய கோடாகிறவரை ஓட்டிக்கொண்டு போகும்போது, நான் கட்டின அந்தப் பழைய குணநாயகம் அப்படியே இருப்பார், எனக்கு அந்த மனிதனை அந்த இருக்கையில் பார்க்க ஆசை, அதுதான் உண்மை, ஏரியும் படகும் எனக்கு இரண்டாம்பட்சம்.

பெற்றோல் மணக்கிறது, பெற்றோல் டீசலாகிறது, டீசல் மணத்தோடு குறிகட்டுவானிலிருந்து சனம் ஏற்றுகிற லோஞ்சி வருகிறது, நான் நெடுந்தீவில் மாவிலித்துறையில் நிற்கிறேன், பக்கத்தில் சித்தி, மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிற நாள், அவர்களுக்குக் கொடுக்கவேண்டிய சோடாவும் அதே லோஞ்சியில்தான் வருகிறது, வேறு ஆள் கிடைக்காமல் சோடாப்பெட்டி தூக்கப் பெண்ணையே கூட்டிவந்திருக்கிறாள் சித்தி, ஆருக்குத் தெரியப்போகுது நீதான் பொம்பிளையெண்டு, தலையைக் குனிஞ்சுகொண்டு நில்லு என்கிறாள், நான் குனியவில்லை, லோஞ்சியின் முன்பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர், வழி முழுக்கச் சத்தியெடுத்த முகம், அப்பளம் மாதிரி வெளுத்துப்போயிருக்கிறது, லோஞ்சிக்காரர் கை நீட்டுகிறார், தம்பி கையைத் தாரும், அவர் தேவையில்லை என்கிறார், தீவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும், லோஞ்சி மேலே எழும்பும்போதுதான் கால் வைக்கவேண்டும், இறங்கும்போது வைக்கக்கூடாது, அவர் சரியாக அது இறங்கும்போது பாய்கிறார், ஒரு கால் சீமெந்தில், மற்றக் கால் அந்த ஒரு சாணுக்குள், நாலு பேர் சேர்ந்து இழுத்தெடுத்தார்கள், கால் வந்தது, செருப்பு வரவில்லை, பாவம், ஆரோ கடலறியாத செம்மண்காரன் என்றாள் சித்தி, நான் சோடாப்பெட்டியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன், அந்தச் செம்மண்காரன் புன்னாலைக்கட்டுவனிலிருந்து என்னைப் பார்க்கத்தான் வருகிறான் என்று எனக்கு எப்படித் தெரியும், வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு எட்டிப் பார்க்கிறேன், வாசலில் ஒற்றைச் செருப்பு, மற்றது பின்னால் நடந்து வந்துகொண்டிருக்கிற மாதிரி அதற்கும் இடம் விட்டு ஒழுங்காகக் கழற்றி வைத்திருக்கிறது, சோடாத் தட்டோடு நான் ஹோலுக்குள் போகிறேன், தட்டு நடுங்குகிறது, கிளாஸ் ஒன்றோடொன்று இடிக்கிறது, பிள்ளை வெக்கப்படுறா என்கிறார்கள், அவர் நிமிர்ந்து பார்க்கிறார், வெட்கமாவது, எனக்குச் சிரிப்பு. சம்மதமோ என்று அம்மா கேட்டபோது ஓம் என்றேன், ஏன் என்று அவள் கேட்கவில்லை, நல்லகாலம், தண்ணீருக்குப் பயந்துகொண்டே தனியாகப் பாய்கிற ஒரு மனிதனை விட்டுவிட மனம் வரவில்லை என்று அந்த வயதில் சொல்லத் தெரிந்திருக்காது. துறையில் நின்று பார்த்ததை நான் இவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை, ஆண்பிள்ளை மனம், எதற்கு என்று விட்டுவிட்டேன்.

எங்கே நின்றேன், ஓம், மரீனாவில், இவர் பலகையில் கால் வைக்கிறார், இது மிதக்கிற டொக், தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் படகோடு சமமாக நிற்குமாம், பெண்மணி பெருமையாகச் சொல்கிறாள், நல்லதுதான், ஆனால் கால் வைத்தவுடன் அது மெல்லமாக அமிழ்ந்து சரிகிறது, இவருடைய தோள் இறுகுகிறது, நின்று, ஏதோ பறவை பார்க்கிற மாதிரி ஆகாயத்தைப் பார்க்கிறார், ஆகாயத்தில் ஒன்றுமில்லை, காற்றுக் கூடவப்பா இஞ்சை, சரிவராது என்கிறார், கக்கூசும் ஊத்தை என்கிறேன் நான், கக்கூசை நான் பார்க்கவேயில்லை, அடுத்த இடம் ஏரியின் மேற்குக் கரையில், டொக் ஆடாது, தூண் நட்டுக் கட்டினது, ஆனால் உயரம், போன வருடத்து உயரம், சனம் கூட என்கிறார், ஒரு மர நிழல் இல்லை என்கிறேன், அதற்கடுத்த இடத்தில் அவர் களையைச் சொன்னார், நான் கொசுவைச் சொன்னேன், இரண்டு பேரும் ஒரு மரீனா விடாமல் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு ஏரியைச் சுற்றி வருகிறோம், காலைப் பற்றி மட்டும் இவரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

மத்தியானம் காரை ஏரிக்கரையில் நிற்பாட்டி மீன் ரோல்ஸ் சாப்பிடுகிறோம், பிளாஸ்கில் தேத்தண்ணி, கண்ணாடிக்கு வெளியே ஏரி கரையில்லாமல் கிடக்கிறது, கிடைக்காட்டி விடுவம், என்ன இப்ப, வித்தாலும் நல்ல விலை போகும் என்றார் திடீரென்று, ரோல்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார், கப்பித்தான் தொப்பி பின்சீட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, நான் யோசிக்கவில்லை, வாய் தன்பாட்டில் சொன்னது, இஞ்சேருங்கோ, உங்களுக்குச் சொல்லேல்லை, எனக்கு இந்த முழங்கால் கொஞ்சநாளாக் குத்துது, அதுதான் ஒரு இடமும் பிடிக்கேல்லை, ஏற இறங்கப் பயமாக் கிடக்கு, அவர் மெல்லுவதை நிறுத்தினார், எந்த முழங்கால், இடது, ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை, சொன்னா நீங்கள் போட்டை வித்துப்போடுவியள் எண்டுதான். அவர் என்னைப் பார்த்தார், நான் ஏரியைப் பார்த்தேன், தேத்தண்ணியைக் குடித்து முடித்து மூடியை இறுக்கிப் பூட்டினார், அப்பச் சரி, உம்மடை காலுக்குத் தோதான இடமாப் பாப்பம் என்றார், அவருடைய குரலில் எவ்வளவு தெம்பு வந்தது, எனக்கு அழுகையும் வந்தது, இன்னொரு ரோல்ஸும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு இவரைப் பிடிக்கமுடியவில்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார், தெற்குப் பக்கத்தில் ஏரியிலிருந்து உள்ளே வெட்டின ஒரு வாய்க்கால், இரண்டு கரையிலும் வில்லோ மரம், அலை இல்லை, டொக் தாழ்வு, படகை நீளப்பாட்டுக்குப் பக்கவாட்டில் கட்டலாம், கட்டுகிற இடத்தில் இடுப்புக்கு மேல் உயரமாக ஒரு மரத்தூண், கையால் பிடிக்க வைத்த மாதிரி நிற்கிறது, காலையில் காட்டியிருந்தால், இதென்ன தோட்டத்துக்குத் தண்ணி கட்டுற வாய்க்காலே என்று கேட்டிருப்பார், இப்போது அங்கே இருந்த கிழவனாரிடம், என்னுடைய மனைவி, அவவுடைய முழங்கால், என்று விளக்கி, பக்கத்துப் படகில் ஏறிப் பார்க்க அனுமதி வாங்கி, என்னை ஏறச் சொல்கிறார், இறங்கச் சொல்கிறார், நான் முனகிக்கொண்டு ஏறி இறங்குகிறேன், மேடை ஏறாத எனக்கு அன்றைக்கு நல்ல நடிப்பு, பொறும், உமக்குச் சரிவருமோ எண்டு நானும் ஒருக்காப் பாக்கிறன் என்று தூணைப் பிடித்துத் தானும் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார், ஏரி கொஞ்சம் தூரந்தான், பரவாயில்லை, உமக்காக என்றார். அங்கேயே கையெழுத்து வைத்தார், காரில் ஏறும்போது நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஆ என்றேன், அவர் ஒரு கணம் என் கையைப் பார்த்தார், பிறகு கதவைச் சாத்தினார்.

வைகாசி மாதத்து ஞாயிறு, வெயில், படகு தண்ணீரில் நிற்கிறது, மாரிப் பனிக்குச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் எல்லாம் உரித்து, முன்பக்கத்தில் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் நான் உடைத்தேன், தர்மினி கையைக் கட்டிக்கொண்டு டொக்கில் நிற்கிறாள், சிரிக்கவில்லை, சோதிக்க வந்தவள் எப்படிச் சிரிப்பாள், நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன், வேறு யோசனையில் இருந்தேன், மாவிலித்துறையில் லோஞ்சி ஏறுகிற மாதிரி ஒரே எட்டில் ஏறிவிட்டேன், அம்மா உங்களுக்கு முழங்கால் எண்டீங்கள் என்கிறாள் மகள், நான் திரும்பிப் பார்க்கும்போதுதான் மற்றது தெரிகிறது, படகை இறக்கினவர்கள் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள், படகின் கதவு இங்கே, தூண் அங்கே, இவருடைய வலது கை தூணைத் தேடிப் போகிறது, அங்கே காற்றுத்தான், அதே நேரம் வாய்க்காலால் யாரோ ஒருவன் விசைப்படகில் போகிறான், அலை வருகிறது, படகு ஏறுகிறது, இறங்குகிறது, அந்த ஒரு சாண் வாயைத் திறந்து மூடுகிறது, பாதி பச்சை பாதி கறுப்பு, தர்மினி ஓரடி முன்னால் வருகிறாள், அப்பா நில்லுங்கோ, வேண்டாம், இவர் கையை உயர்த்தி அவளை மறிக்கிறார், பாயப்போகிறார், எனக்கு அந்த முகம் தெரியும், அப்பளம் மாதிரி வெளுத்த முகம், நான் லோஞ்சிக்காரனாகிவிட்டேன், கையை நீட்டிவிட்டேன், இஞ்சேருங்கோ கையைத் தாங்கோ, எனக்கு நிக்கேலாமல் கிடக்கு, முழங்கால் குத்துது என்கிறேன், நீட்டாத கையால் முழங்காலையும் பிடித்துக்கொள்கிறேன்.

அவர் என் கையைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், எந்த முழங்கால் எண்டு சொன்னனீர் என்றார், குனிந்து பார்க்கிறேன், இடதென்று சொன்னவள் பிடித்திருப்பது வலது, அண்டைக்குக் காரிலை ஏறேக்கையும் வலதுதான் பிடிச்சனீர் என்றார், பிறகு சிரிக்கத் தொடங்கினார், தோள் குலுங்கச் சிரித்தார், கொஞ்சம் கிட்ட வா பிள்ளை என்று தர்மினியைக் கூப்பிட்டு, அவளுடைய தோளில் கை வைத்து, ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து ஒருவர் தோளிலும் வைக்காத கையை அவள் தோளில் வைத்து, ஒரு செருப்பைக் கழற்றினார், மற்றதையும் கழற்றினார், மகள் அசையாமல் நின்றாள், இரண்டையும் என்னிடம் நீட்டி, பிடியும், அண்டைக்குச் சோடாப்பெட்டியிலை இருந்து சிரிச்சவ நீர்தானே, ஒண்டைக் கடலுக்குக் குடுத்தாச்சு, இந்தமுறை ரெண்டும் வரட்டும் என்றார். இவ்வளவு காலமும் இவருக்குத் தெரிந்திருக்கிறது, தட்டோடு நான் வந்தபோது நிமிர்ந்து பார்த்தாரே, அப்போதே தெரிந்திருக்கிறது, எனக்குச் சிரிப்பு வந்தது, கண் நிறைந்தது, செருப்பை வாங்கிக் கக்கத்தில் இடுக்கினேன், மறுபடி கை நீட்டினேன், பொறுங்கோ, இறங்குது, பொறுங்கோ, இப்ப எழும்பும், இப்ப, அவர் என் கையைப் பிடித்தார், சூடான, காய்ப்புக் காய்ந்த கை, வலது காலை வைத்தார், இடது கால் இழுபட்டுக்கொண்டு பின்னால் வந்தது, வந்துவிட்டது, ஆள் முழுதாகப் படகுக்குள் நிற்கிறார், கையை உடனே விடவில்லை. தர்மினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்தக் கயிறை முதல் அவிழ்க்கிறது என்று கேட்டாள், இவர் தொப்பியைத் தேடினார், பின்கயிறு பிள்ளை, பின்கயிறு, அவள் அதையும் பிறகு முன்கயிறையும் அவிழ்த்து எறிந்துவிட்டுத் தானும் ஏறினாள், நான் உட்கார்ந்து பின்னால் பார்க்கிறேன், பலகைக்கும் எங்களுக்கும் நடுவில் அந்த ஒரு சாண் தண்ணீர் இரண்டு சாணாகிறது, ஒரு முழமாகிறது, வாய்க்காலாகிறது, பிறகு ஏரியாகிவிட்டது, என் மடியில் செருப்பு இரண்டும் இருக்கின்றன.