பக்கத்துக் கிளை

நாடு முழுவதிலிருந்தும் எச்.ஐ.வி. நோயாளிகளின் ரத்தம் எங்கள் ஆய்வகத்துக்கு வரும். கிருமியின் மரபணுவைப் படித்து, எது எதற்குச் சொந்தம் என்று கணினியில் வம்ச மரம் வரைவது என் வேலை. பெயர் வராது, எண் மட்டும்தான். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு சி வகை. மரத்தின் ஒரு பக்கத்தில் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள்.

மறுபக்கத்தில் 212 மட்டும் தனியாக நிற்கும். அது நான்.

கப்பலில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் எந்தக் கரையிலோ வாங்கிவந்து எனக்குக் கொடுத்தது. கொடுத்துவிட்டு மகராசன் போய்ச் சேர்ந்துவிட்டார். மாத்திரை தொடங்குமுன் எடுத்த என் ரத்தத்தை ஓர் எண் ஒட்டி உறைபெட்டியில் வைத்தேன். யாருக்கும் தெரியாது. சோதனைத் தட்டில் ஒரு குழி காலியாக இருந்தால் அதிலிருந்து ஒரு சொட்டு விடுவேன். புது ஆட்களோடு சேர்ந்து ஓடட்டுமே என்றுதான். பைத்தியக்காரத்தனம், வேறென்ன.

போன வாரம் 3046 என்னை ஒட்டி வந்து நின்றது.

ஆணோ பெண்ணோ, எந்த ஊரோ, என் வகைக்கு இன்னொரு ஜீவன். மூன்று நாள் அறிக்கையை அனுப்பாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆய்வகத்துக்குத் தலைவரான பெரிய சார் கண்ணில் பட்டுவிட்டது.

"ரெண்டும் அச்சு அசலா இருக்கேம்மா. ஒரே தட்டு வேற. கலந்திருக்கும், டெஸ்ட்ட மறுபடி ஓட்டு."

"என் கையில இதுவரைக்கும் ஒண்ணு கலந்திருக்கா சார்?"

"கோவிச்சுக்காத. அந்த ஆளுக்கு எந்த மருந்து கேக்கும்னு இத வச்சுத்தானே முடிவு பண்ணுவாங்க."

வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். 3046 சி வகை. கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் வந்து நின்றது அதன் குழியில் தெறித்த என் ரத்தம்தான். மூன்று நாளும் எனக்கு நானே துணையாக இருந்திருக்கிறேன்.

திருத்திய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெரிய சார் கையுறையைக் கழற்றியபடியே வந்தார்.

"இந்த 212 எந்த கிளினிக்? அங்கயும் தகவல் சொல்லணும்."

"கிளினிக் இல்ல சார். அது என்னோட ரத்தம்."

இருபது வருடமாக ஆய்வகத்தில் இந்தக் கிருமியோடு குடித்தனம் நடத்துகிற மனிதர். கழற்றிய கையுறையை மறுபடியும் மாட்டிக்கொண்டு, என் கையிலிருந்த தாளை நுனியில் பிடித்து வாங்கிக்கொண்டார்.