தைத்து அனுப்பிய சட்டை

எங்கள் தையல் கடையிலிருந்து நூல் தொங்கிக்கொண்டு ஒரு துணியும் வெளியே போனதில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது மற்றவர்களுக்குப் பழமொழி, எங்களுக்குத் தொழில். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டில் நான், மருமகள், பேத்தி. என் மகன் இறந்தபின் மருமகள் தாய்வீட்டுக்குப் போகவில்லை, அவனுடைய மிஷினில் உட்கார்ந்தாள். பேத்தி நர்ஸ் படிப்பு படித்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று பேரும் யாரிடமும் தலை குனியாமல் இருந்தோம்.

தள்ளிக்கொண்டே போன தேர்தலை நடத்தச் சொல்லி ஊர்ச் சதுக்கத்தில் ஜனங்கள் உட்கார்ந்தபோது பேத்தியும் போனாள். அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடப் போகிறேன் என்றுதான் என்னிடம் சொன்னாள். கட்டும் போட்டிருக்கிறாள், உட்காரவும் செய்திருக்கிறாள். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனபோது அவளும் அந்த வண்டியில் இருந்தாள். வழக்கு என்று ஒன்றும் போடாமலே உள்ளே வைத்தார்கள்.

உள்ளே இருப்பவர்களின் வீட்டார், சிறை வாசலுக்கு எதிரே மூடிக் கிடந்த பெட்ரோல் பங்கின் கூரைக்கடியில் படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள். ஒரு வக்கீலம்மா அவர்களை ஒன்று சேர்த்திருந்தார். என்னைக் கூப்பிட வந்தவன் எங்கள் தெரு பஸ் டிரைவர். அவனை எல்லோரும் ஸ்டியரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மகனும் உள்ளே இருந்தான்.

“அய்யா, பாப்பா படம் ஒண்ணு குடுங்க. பெருசாக்கிக்கலாம்.”

“எதுக்கு?”

“வாசல்ல பிடிக்கத்தான். பின்ன, மாப்பிள்ளை பாக்கவா?”

“எங்க வீட்டுப் பொண்ணு படம் தெருவுல நிக்காது.”

“பொண்ணே ஜெயில்ல நிக்குதே அய்யா.”

“அது அரசாங்கம் செஞ்சது. இது நாம செய்யறது.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “உங்க முதுகுல ஸ்கேலை வச்சுத் தைச்சுட்டாங்க போல. குனியவே குனியாது. சரி, மருமகளையாவது அனுப்புங்க. அங்க நாலு விஷயம் சொல்றாங்க, காதுல போட்டுக்கிட்டா நல்லது.”

“எங்க காது நல்லாத்தான் இருக்கு.”

அவன் போனதும் மருமகள், “மாமா, நான் மட்டும் ஒரு தடவை…” என்று ஆரம்பித்தாள். வேண்டாம் என்றேன். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அவள் மிஷினுக்குத் திரும்பிப் போனாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாய்க்கு நாமே போய்த் தீனி போடுவானேன் என்பது என் எண்ணம்.

அப்போது ஆளைப் பார்க்க அனுமதி இல்லை. துணி மாற்ற மட்டும் விட்டார்கள். சிறை ஜன்னலில் சலவைத் துணியைக் கொடுத்தால் அழுக்குத் துணியை மூட்டையாகத் தருவார்கள். பங்கில் கூட்டம் சேர்வதற்கு முன்பே நாங்கள் போய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம்.

ஒரு தடவை மூட்டையை அவிழ்த்தபோது, போர்வைக்குள் எங்களுடையதல்லாத ஒரு துண்டும், அதற்குள் சுருட்டிய ஒரு சட்டையும் இருந்தன. பேத்தியின் சாம்பல் நிறச் சட்டை, நான் தைத்தது. கழுத்துப்பட்டியில் தொடங்கி முதுகு வழியாக இடுப்பு வரை கிழிந்திருந்தது. இடது கை தோளோடு பிய்ந்து தொங்கியது. அந்த இடத்தில் இரத்தம் காய்ந்து துணி மொடமொடவென்று இருந்தது.

மருமகள் அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முன்பக்கம் வாடிக்கைக்காரர் ஒருவர் இருந்ததால் சத்தம் வராமல் அழுதாள்.

“இதை யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாங்க மாமா? பொம்பளப் புள்ள சட்டை.”

அவள் கேட்டது எனக்கும் தோன்றியதுதான்.

குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போட்டுக் கசக்கினாள். காய்ந்தபின், சட்டையின் உள்மடிப்பிலிருந்தே இழைகளை உருவி ஊசியில் கோத்து, தறியில் நெய்தது போல மேலும் கீழுமாக ஓட்டி, கிழிசலை மூடினாள். அந்த வேலையில் அவளுக்கு நிகர் நான்கூட இல்லை. முடிக்கும் வரை கடை வேலை எதையும் அவள் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. முடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். எங்கே கிழிந்திருந்தது என்று எனக்கே பிடிபடவில்லை.

“நல்லாருக்கு” என்றேன். நான் அப்படிச் சொல்வது அபூர்வம். இஸ்திரியை நானே போட்டேன். அடுத்த துணி மாற்றத்தில் மற்றவற்றோடு அதையும் உள்ளே கொடுத்தோம்.

அதற்குப் பிறகுதான் பார்க்க அனுமதி வந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பேத்தி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். உடம்பு இளைத்து, தோள் தையல் தோளைவிட்டு இறங்கிக் கிடந்தது. இடது கையை மடியில் வைத்து, யாரோ கொடுத்து வைத்த பொருளைப் போல, வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“கைக்கு என்னடி?” என்றாள் மருமகள்.

“விழுந்துட்டேனாம். ஜெயில் டாக்டர் அப்படித்தான் எழுதியிருக்காரு.”

காவல்காரி அடுத்த வரிசையில் யாரையோ அதட்டப் போனாள். பேத்தி வலையருகே குனிந்தாள்.

“தாத்தா, சட்டை வந்துச்சு.”

“சரியா இருக்கா?”

“ரொம்ப நல்லா இருக்கு. தையல் எங்கன்னு தேடித் தேடிப் பாத்தேன். கிடைக்கவே இல்ல.”

மருமகள் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்து போனதைப் பார்த்தேன்.

“கிழிஞ்ச துணியை எல்லாம் இவங்க எடுத்து எரிச்சிடறாங்கம்மா. இதை ஒளிச்சு வச்சு, பக்கத்துக் கட்டில் அக்கா துண்டுல சுத்தி, எப்படியோ வெளிய அனுப்பினோம். நீங்க வக்கீலம்மாகிட்ட குடுப்பீங்கன்னு நெனச்சேன்.”

“எங்களுக்கு யாரும் சொல்லலியே பாப்பா.”

“எல்லார் வீட்லயும் தெரியுமேம்மா. துவைக்காதீங்க, அப்படியே கொண்டாங்கன்னு பங்குல சொல்லிக்கிட்டே இருக்காங்களாமே.”

மருமகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பேத்திதான் பேச்சை மாற்றினாள். “மிஷின் பெல்ட் மாத்திட்டீங்களா தாத்தா?”

“மாத்தியாச்சு” என்றேன். மாற்றவில்லை.

அன்றே வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தோம். உடைந்த கையை வெளி டாக்டர் பார்க்க வேண்டும் என்று அவர் மனு போட்டார். நீதிபதி சான்று கேட்டார். மருமகள் கூண்டில் ஏறி, சட்டை கிழிந்திருந்தது, இரத்தம் இருந்தது, நான்தான் துவைத்துத் தைத்தேன் என்றாள். சிறையிலிருந்து சட்டையைக் கொண்டுவரச் செய்தார்கள். அரசு வக்கீல் அதைத் தூக்கிப் பிடித்தார்.

“எங்கம்மா கிழிசல்?”

மருமகள் விரலை வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“பிரிச்சுக் காட்டறேன் சார். ஊசி இருக்கு” என்றாள்.

“நீங்க பிரிச்சா அது நீங்க பிரிச்சதுதானேம்மா.” அவர் சட்டையை மடித்து மேசையில் வைத்தார். “உங்க கடை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. எனக்கும் ஒரு கோட்டு தைக்கக் குடுக்கணும்.”

சிலர் சிரித்தார்கள். எங்கள் வேலையை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். கேட்டுத் தலை நிமிர முடியாமல் நான் உட்கார்ந்திருந்தது அங்கேதான். மனு தள்ளுபடியானது.

வெளியே வராந்தாவில் வக்கீலம்மா என்னிடம் வந்தார்.

“இனிமே ஊரறியப் பேசறது ஒண்ணுதான் வழி அய்யா. நாளைக்குப் பத்திரிகைக்காரங்க பங்குக்கு வராங்க. பாத்தவங்க வாயால சொல்லணும்.”

“பொம்பளப் புள்ள விஷயம்மா.”

“ஆமா. அதனாலதான் சும்மா இருப்பீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்.”

மறுநாள் கடையைப் பூட்டினேன். பேத்தி நர்ஸ் உடையில் இருக்கும் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, கண்ணாடியோடு எடுத்துக்கொண்டேன். பங்கில் ஸ்டியரிங் நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

“உக்காருங்க அய்யா.”

“நின்னுக்கறேன்.”

“நின்னுக்குங்க. நாற்காலிக்குத்தான் அவமானம்” என்று சொல்லி, அவனும் உட்காராமல் என் பக்கத்தில் நின்றான்.

ஒலிபெருக்கியை நான் வாங்கவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். எங்கிருந்து எதுவரை கிழிந்தது, எந்தத் தோளில் இரத்தம், துவைத்தது யார், நன்றாக இருக்கிறது என்று சொல்லி இஸ்திரி போட்டது யார், எல்லாவற்றையும் சொன்னேன். மருமகள் படத்தைப் பிடித்திருந்தாள். பத்திரிகைக்காரப் பையன் ஒருவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“பெரியவரே, வேற ஏதாவது நடந்துச்சா?”

அவன் எதைக் கேட்கிறான் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் அத்தனை நாளும் அந்தப் பக்கம் வராமல் இருந்தேன்.

“தெரியாது. அவ சொல்லல, நான் கேக்கல. கை உடைஞ்சிருக்கு, டாக்டர் வேணும். அதை எழுதுங்க.”

எழுதினார்கள். நான் சொல்லாததையும் சேர்த்து எழுதினார்கள். வயசுப் பெண்களின் துணி தைக்க வருபவர்கள் எங்கள் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போகத் தொடங்கினார்கள். எனக்கு நேரே யாரும் எதுவும் சொல்லவில்லை. பேச்சு பெரிதானபின் பேத்தியை வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு அதற்குள் கோணலாகவே கூடிவிட்டிருந்தது. மறுபடி உடைத்துத்தான் நேராக்க வேண்டும், கைதியாக இருக்கும்வரை அதற்கு அனுமதி கிடைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீக்கிரம் பார்த்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றும் சொன்னார். அவள் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். ஸ்டியரிங்கின் மகனும்தான்.

இப்போது துணி மாற்றும் நாளில் மூட்டையை அவிழ்க்காமல் பங்குக்குக் கொண்டுபோகிறோம். வக்கீலம்மா ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். சிறைக்காரர்கள் ஜாக்கிரதையாகிவிட்டார்கள். வெறும் அழுக்கைத் தவிர அதில் ஒன்றும் வருவதில்லை. போன தடவை ஒரு நைட்டியின் ஓரமடிப்பு பிரிந்திருந்தது.

“இதைத் தைக்கலாமாம்மா?” என்று மருமகள் கேட்டாள்.

வக்கீலம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சும்மா பிரிஞ்சதுதான். தைக்கலாம்.”

வீட்டுக்கு வந்து துவைத்துக் காயவைத்தாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு மிஷின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எழுந்து வந்து என்னிடம் நீட்டினாள்.

“நீங்க தைங்க மாமா. எனக்குக் கை வரல.”

வாங்கிக்கொண்டேன். ஊசியில் நூல் கோக்க என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதை மட்டும் அவளே கோத்துக் கொடுத்தாள்.