நாலாவது மூலை

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எத்தனை கிலோ என்று எந்தத் தராசிலும் வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். எடைத் தராசு செய்யும் எங்கள் பட்டறையில் மொத்தம் மூன்று பேர். அண்ணன் ஆர்டர் பிடிப்பான், அண்ணி ஒட்டுவார், தங்கை நான் சர்க்யூட் போடுவேன்.

ஒட்டுவது என்றால் கவர் ஒட்டுகிற வேலை இல்லை. அலுமினியக் கட்டையின் மேல், நகத்தளவுகூட இல்லாத ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய தகட்டைக் கோடு பிசகாமல் ஒட்ட வேண்டும். எடை ஏறினால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், கேஜும் கூடவே இழுபடும். அதில் பிறக்கிற துளி மின் மாற்றத்தை என் ஆம்ப்ளிஃபயர் பெருக்கி எண்ணாகக் காட்டும். கேஜ் ஒட்டிய அந்தக் கட்டைதான் லோடு செல். தராசுக்கு நாலு மூலை, மூலைக்கு ஒரு செல், செல்லுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்.

போன வருடம் செய்த முதல் தராசிலேயே கவனித்தேன். நாலாவது மூலை மட்டும் இருபது கிலோவுக்கு நூறு கிராம் குறைத்துக் காட்டியது. அடுத்ததிலும் அப்படியே. நாலாவது செல்லுக்கு வரும்போது சாயங்காலம் ஆகிவிடும், அண்ணிக்குக் கண் சோர்ந்துவிடும், கேஜ் லேசாகச் சாய்ந்துவிடும். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினாலு வயது. நான் முதன்முதலாகச் செய்த ரேடியோவை அண்ணன் குப்பை என்றான். அண்ணிதான் அதைக் காதோடு வைத்துக் கேட்டு, வெறும் கரகரப்பை, "பாட்டு நல்லாயிருக்கு" என்றார். அந்த மனுஷியிடம் போய் உங்கள் வேலை சாய்ந்திருக்கிறது என்று சொல்வதா? நாலாவது மூலையில் மட்டும் ஒரு ரெசிஸ்டரை மாற்றிப் போட்டு, பெருக்கத்தை ஒரு சிட்டிகை கூட்டினேன். ஐந்து தராசு அப்படிப் போனது. ஆறாவதற்கு வரைபடத்திலேயே எழுதி வைத்துவிட்டேன்.

ஆனால் அண்ணனுக்கும் கண் இருக்கிறதே.

"ஊசியில நூல் கோக்க அரை மணி நேரம் ஆக்குறா," என்றான் என்னிடம். "இந்தத் தராசு டெஸ்ட்ல தப்பாக் காட்டுச்சுன்னா, இனிமே செல்லை வெளியில வாங்கிடலாம். அவ ரூமை ஸ்டோர் ஆக்கிடலாம். அவளும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமே."

அவன் குரல் கேட்காத தூரத்தில் அண்ணி இல்லை.

ஆறாவது தராசு சிறுநீரக நோயாளிகளுக்கானது. சக்கர நாற்காலியோடு ஏற்றி, உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். நூறு கிராம் அங்கே சின்ன விஷயம் இல்லை. சோதிக்க வந்த மருத்துவமனைப் பொறியாளர் தன் எடைக்கல்லைத் தானே பெட்டியில் சுமந்து வருகிறவர், எங்களுக்குள் எடைக்கல்காரர். நாளைக்கு வர வேண்டியவர் இன்றைக்கே வந்து நின்றார். மூலைகளை அளந்து பார்க்க நேரமில்லை. பழகின போர்டுதானே என்று அப்படியே மாட்டினேன்.

முதல் மூலையில் கல்லை வைத்தார். 20.00. இரண்டாவது, மூன்றாவது, அதேதான். நாலாவது, 20.10.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தான். அண்ணி என்னைப் பார்த்தார்.

கேஜ் சாய்ந்திருந்தால் என் ரெசிஸ்டர் அதைச் சரிக்கட்டியிருக்கும். கூடுதலாகக் காட்டுகிறது என்றால் அண்ணி ஒட்டியது நேராக இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி ஒட்டினவர் தலையில்தான் விழும்.

"செல் சரியாத்தான் இருக்கு. தப்பு என் போர்டுல," என்றேன். எல்லார் முன்னாலும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அண்ணி கோபப்பட்டிருந்தால் தேவலை.

"இந்த செல்லை அளந்து பாத்தியா?"

"இல்ல அண்ணி."

"அளக்காமலே நான் குறைச்சல்னு போட்டுட்ட."

அந்த ஒரு வார்த்தையில் நான் சுருண்டுபோனேன். அண்ணி மேலங்கிப் பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தார்.

"சால்டர் பிசுக்குப் போகப் போர்டைக் கழுவுறது யாரு? நான்தானே. மூணு ரெசிஸ்டர்ல ஒரே நிறக் கோடு, நாலாவதுல வேற. காரணம் புரிய எனக்குப் பட்டமா வேணும்? போன தராசு போன மறுநாளே போய் இதை வாங்கினேன். நீ அளந்து பாத்துட்டு, 'அண்ணி, நாலாவது சரியா இருக்கு'ன்னு ஓடி வருவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

எடைக்கல்காரர் தொண்டையைக் கனைத்தார். "மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

"அப்போ ஒரு டீ," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் ஓடினான்.

ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் சூடானது. புது ரெசிஸ்டரின் நிறக் கோடுகளைப் பார்க்க அதைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்தேன், இன்னும் தள்ளிப் பிடித்தேன்.

"அழுகையில தெரியலையா, இல்ல உனக்கும் வயசாயிடுச்சா?" அண்ணி தன் கண்ணாடியை என் மூக்கில் மாட்டிவிட்டார்.

என் சால்டர் வேலையை முத்து முத்தாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொள்வேன். இப்போது பார்த்தால் பாதி முத்து பட்டாணி அளவு.

"ஐயோ அண்ணி, இவ்வளவு கேவலமாவா?"

"கொஞ்ச நாளா அப்படித்தான். மோசமானதை மட்டும் கழுவுறப்போ சூடு காட்டிச் சரி பண்ணிடுவேன். உங்கிட்ட சொல்ல மனசு வரல."

சொல்லிவிட்டு ஒட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரெசிஸ்டரை மாற்றினேன். எடைக்கல்காரர் டீயைக் குடித்து முடித்து, நாலாவது மூலையில் கல்லை வைத்தார். 20.00. அவர் கையெழுத்துப் போடும்வரைகூட நான் நிற்கவில்லை. கண்ணாடியோடு ஓடினேன். தூசி நுழையும் என்று யாரும் திறக்காத அந்தக் கதவைத் திறந்து, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"அண்ணி, நாலாவது சரியா இருக்கு!"

"கதவைச் சாத்துடி, தூசி," என்றார் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தபடி.