ஏறலாம்

ஜோஸ்வா காரின் பின் சீட்டுகளை மடக்கிவிட்டு, அதன்மேல் புது வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டிருந்தான். ஒரு மூலையை இழுத்தால் இன்னொரு மூலை சுருங்கியது. நான்காவது தடவை இழுத்தபோது அருளானந்தம் அவன் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் இருலே."

"எதுக்கு மச்சான்? அக்காவ ஏத்திருவோம். நாலு மணிக்கு அடக்கம். பாம்பன் போயிக் குளிப்பாட்டி, சோடிச்சு, கோயிலுக்குக் கொண்டு போகணும்ல?"

"இந்த வண்டிலயா?"

ஜோஸ்வா துணியின் மூலையை விட்டுவிட்டான்.

ஜோதிமேரி காலை ஆறு மணிக்கு இறந்திருந்தாள். மூன்று வாரமாக இந்த இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தாள். அருளானந்தத்துக்கு மனைவி, ஜோஸ்வாவுக்கு ஒரே அக்கா. பங்குக் கோயில் வேன் மண்டபம் ஊரில் வேறொரு அடக்கத்துக்குப் போயிருந்தது. பன்னிரண்டு மணிக்கு வந்துவிடும் என்று போனில் சொன்னார்கள். இப்போது ஒன்பதரை. காத்திருக்கலாம். காத்திருந்தால் மச்சினன் முகத்தில் இனி முழிக்க முடியாது. காத்திருக்காவிட்டால் செத்துப்போனவள் சொன்ன சொல் என்ன ஆவது?

அந்தச் சொல் பாம்பனில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, கோயில் வாசலில் நின்ற இதே காரைப் பார்த்து ஜோதிமேரி சொன்னாள்: "இதுல நான் பொணமாக்கூட ஏற மாட்டேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். சொன்னது ஜோதிமேரி. பாம்பன் பஸ் ஸ்டாப் பக்கம் அவள் வைத்திருந்தது ஒரு ஜெராக்ஸ் கடை. அதோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிற பாரமெல்லாம் நிரப்பிக் கொடுப்பாள். ஸ்டியரிங்கைத் தொட்டதுகூடக் கிடையாது. கியர் எது பிரேக் எது என்று கேட்டால், "ரெண்டும் காலுக்குக் கீழதான இருக்கு" என்பாள். ஆனால் தீவில் வாடகைக்கு ஓட்டப் பழைய டீசல் வண்டி வாங்குகிறவன் எவனும் முதலில் அவளிடம்தான் ஃபைலைக் கொண்டுவருவான். வருடா வருடம் எடுத்த எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, புகை சர்டிபிகேட், இன்சூரன்ஸ், எல்லாவற்றையும் தேதிவாரியாக மேசையில் பரப்புவாள். கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை உருவி, கடைசித் தாளின் பின்பக்கம் சுருக்கமாகத் தீர்ப்பு எழுதுவாள். ஒன்று 'ஏறலாம்'. இல்லாவிட்டால் 'ஏற வேண்டாம்'. வண்டி வாசலில் நின்றாலும் எழுந்துபோய்ப் பார்க்கமாட்டாள்.

அருளானந்தம் மீன்பிடிப் போட்டு இன்ஜின்களுக்கு மெக்கானிக். இருபத்தெட்டு வருடமாக டீசலில் குளித்தவர். பேப்பரைப் பார்த்து வண்டிக்குக் குறி சொல்கிற இந்த வித்தையை அவர் கேலி செய்யாத நாளில்லை. அவள் சொன்னது தப்பிய நாளும் இல்லை. அதில் அவருக்கு எரிச்சல் கொஞ்சம், பெருமை நிறைய. பெருமையை மட்டும் அவளிடம் காட்டிக்கொண்டதே இல்லை. காட்டியிருக்கலாம் என்று இந்த மூன்று வாரமாகத் தோன்றிக்கொண்டிருந்தது.

ஜோஸ்வா இந்தக் காரை வாடகைக்கு ஓட்ட வாங்கியபோது அடியில் படுத்துப் பார்த்தவர் அவர்தான். "சேசிஸ் பச்சப்பசேல்னு இருக்குடி, ஒரு துரு இல்ல" என்று வந்து சொன்னார்.

ஜோதிமேரி ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பழைய எஃப்.சி. நவம்பர்ல முடிஞ்சிருக்கு. அடுத்தது ஏப்ரல்ல எடுத்திருக்கான். மழையும் வெள்ளமுமா இருந்த வருசம் அஞ்சு மாசம் வண்டி எங்கன நின்னுச்சு? உப்புத்தண்ணிலதான் நின்னிருக்கும். புகை சர்டிபிகேட்ட பாருங்க, மூணு வருசமா ஒரே எண்ணு. மனுசனுக்கு மூச்சு கூடக் குறைய இருக்கும், இந்த வண்டிக்கு மட்டும் மாறாதா? வண்டியக் கொண்டுபோகாமலே எழுதி வாங்கிருக்கான்."

"நான் கண்ணால பாத்தேன்டி."

"என்னத்தப் பாத்தீக? பச்சையா இருந்துச்சுன்னீகள்ல, எந்தப் பச்ச?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போட்டுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ட். துருவின் மேலேயே பூசியிருந்தான் பழைய சொந்தக்காரன். கடற்கரை ஆட்களுக்கு அந்தப் பெயின்டைப் பார்த்தால் ஒரு நம்பிக்கை, கடலிலேயே தாங்குகிறதே என்று. மரத்துக்குத் தாங்கும். இரும்பில் உப்பை உள்ளே வைத்து மூடினால் உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். வாழ்நாளெல்லாம் அந்தப் பெயின்ட் வாளியோடு பழகிய மெக்கானிக்கே ஏமாந்தார். காகிதத்தைப் பார்த்தவள் ஏமாறவில்லை.

அதற்குள் ஜோஸ்வா முன்பணம் கொடுத்து, வண்டியை எடுத்து, பெயரும் மாற்றிவிட்டான். கோயில் வாசலில் அக்கா அப்படிச் சொன்ன நாளோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

"ஃபைல எடு," என்றார் அருளானந்தம்.

ஜோஸ்வா அவரையே பார்த்தான். "இப்பயா மச்சான்?"

"எடுலே."

டேஷ்போர்டிலிருந்து ஃபைல் வந்தது. மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஜோஸ்வாவின் மனைவி ஜோஸ்லின், ஆஸ்பத்திரிக் கூடையைத் துழாவி ஜோதிமேரியின் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். கூடவே ஒரு சின்னப் பென்சிலும் வந்தது. ஆஸ்பத்திரியிலும் அதைக் கொண்டையிலிருந்து எடுக்கவிடாமல் நர்ஸோடு சண்டை போட்டிருந்தாள்.

ஜோதிமேரி கிடந்த ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்த ஆள், "அய்யா, எவ்வளவு நேரம் வெளிய வச்சிருக்க?" என்றான். வேப்பமர நிழலுக்குத் தள்ளச் சொல்லிவிட்டு, அருளானந்தம் அவள் பக்கத்திலேயே சிமென்டுக் கட்டையில் உட்கார்ந்தார். காகிதங்களைத் தேதிவாரியாக மடியில் அடுக்கினார். அவள் செய்வதைத்தான் பார்த்திருக்கிறாரே தவிரச் செய்ததில்லை. இரண்டு தடவை வரிசை மாறியது.

ஒரு தாளின் பின்பக்கம் அவளுடைய பென்சில் எழுத்து இருந்தது. 'ஏற வேண்டாம். ஐந்து மாதம் நின்ற வண்டி.' அது பழையது, தெரிந்தது. அடுத்த வருடத் தாளைத் திருப்பினார். அதிலும் அவள் எழுத்து.

'பெயின்ட் சுரண்டியாச்சு. வெல்டிங் பில் உண்டு. புகை எண் மாறியிருக்கு, நல்லது. எஃப்.சி. இடைவெளி இல்லை. இன்னும் ஒரு மழை பார்க்கணும்.'

"இது எப்பம்மா எழுதுனா?"

"போன வருசம் அண்ணே," என்றாள் ஜோஸ்லின். "பாரம் நிரப்பணும்னு நாந்தான் கடைக்குக் கொண்டு போனேன். மதினி ஒண்ணுமே கேக்கல. எழுதிக் குடுத்துட்டு, அவன்கிட்டச் சொல்லாதன்னாக."

"அக்கா எழுத்து எனக்குத் தெரியாதாக்கும்," என்றான் ஜோஸ்வா. "அவ சொன்ன மறுமாசமே சுரண்டுனேன் மச்சான். பொரி மாதிரி உதிந்துச்சு. பாதிச் சட்டத்த வெட்டிப் போட்டுட்டுப் புதுசு வச்சேன். இந்த மழை முடிஞ்சு புது எஃப்.சி. எடுத்துட்டு நானே ஃபைலத் தூக்கிட்டுப் போகலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஆஸ்பத்திரியில வந்து படுத்துட்டா."

மழை முடிந்து எடுத்த புது எஃப்.சி. மேலாக இருந்தது. பழையது முடிய இரண்டு நாள் இருக்கும்போதே எடுத்திருந்தான். புகை எண் மறுபடியும் மாறியிருந்தது. ஒரு வருடத்தில் நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர். ஓடுகிற வண்டி, நிற்கிற வண்டியில்லை. அந்தத் தாளின் பின்பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அருளானந்தம் எழுந்தார். கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடு ஆஸ்பத்திரி முற்றத்துச் செம்மண்ணில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் நகர்ந்தார். சாவியால் ஒவ்வொரு சட்டமாகத் தட்டினார். எல்லா இடத்திலும் 'டங்'கென்று ஒரே சத்தம். உப்பு ஒளிந்துகொள்கிற மூலைகளில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். மணல் வந்தது, துரு வரவில்லை. இந்தத் தடவை பெயின்டைப் பார்க்கவில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்து அழுதார். மூன்று வாரத்தில் அவருக்குக் கிடைத்த ஒதுக்குப்புறம் அது ஒன்றுதான். வெளியே தெரிந்த கால்களைப் பார்த்துக்கொண்டு ஜோஸ்வா அசையாமல் நின்றான்.

வெளியே வந்ததும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வெறுந்தாளில் எழுதினார். அவர் கையெழுத்து எப்போதுமே கோணல்தான். ஜோஸ்வாவிடம் காட்டாமல் ஃபைலை மூடினார். பென்சிலை எங்கே வைப்பதென்று தெரியாமல் காதில் செருகிக்கொண்டார்.

"பைய ஏத்துங்கலே," என்றார். "தலைமாட்டப் பாத்து."

பின்னால், அவளுக்குப் பக்கத்தில், முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். கார் மண்டபம் தாண்டியது. பாலம் தெரிந்தபோது ஜோஸ்வா கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

"என்ன எழுதுன மச்சான்?"

"ஒங்கக்கா எழுத இருந்தத."

பாலத்தில் காற்று கனமாக அடித்தது. ஃபைலை ஒரு கையாலும் அவள் மேலிருந்த துணியை மறு கையாலும் பிடித்துக்கொண்டார் அருளானந்தம். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பு வரும்போதும் ஜோஸ்வா பிரேக்கில் கால் வைத்து, சக்கரம் குலுங்காமல் இறக்கி ஏற்றினான். முள் முப்பதைத் தாண்டவேயில்லை. இராமேஸ்வரம் போகிற பஸ்கள் பின்னால் வரிசையாகச் சேர்ந்து, கொஞ்ச நேரம் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு, அதே வேகத்தில் வந்தன.