குழாயைத் திறந்து பார்த்தவள்

ரே கெல்னரைத் தலைகுனிய வைக்க வேண்டும். தினமும் காலையில் செயற்கைக் காலை மாட்டிக்கொள்ளும்போது டெலோயிஸ் நினைப்பது இதைத்தான். பல் தேய்ப்பது மாதிரி அது பழகிவிட்டது.

இடது கால், முழங்காலுக்குக் கீழே, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரக் கிழக்குக் கோடியில் ஒரு சாலையோரம் போயிற்று. அப்போது அவளுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. மருத்துவமனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கெல்னரின் லிண்டன் கோர்ட் குடியிருப்பு. வாசலில் 'வீடு காலி' பலகை. உள்ளே போய்க் கேட்டாள். கெல்னர் சிரித்த முகமாக மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டினான். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள், ஜன்னலைத் தூக்கினாள், பிடித்திருக்கிறது என்றாள்.

"அடடா, காலியா இருந்தது இன்னைக்குக் காலையிலதான் போச்சும்மா. இது சும்மா காட்டறதுக்கு வச்சிருக்கற வீடு."

பலகை மட்டும் அந்தக் குளிர்காலம் முழுக்க இறங்கவில்லை. அதற்குப் பிறகு அங்கே குடிவந்தவர்களில் அவளைப் போல ஒரு கறுப்பு முகம்கூட இல்லை.

வேறு வழியில்லாமல் பஸ் போகாத ஊர் ஓரத்தில் அவள் வீடு எடுத்தாள். கடைசி நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும். நடைபாதை கிடையாது. ஒரு விடியலில், பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து லாரி வந்தது. லாரியை ஓட்டியவன் யாரோ. ஆனால் டெலோயிஸின் கணக்கில் ஸ்டீயரிங் பிடித்திருந்தவன் கெல்னர்தான்.

மருத்துவமனையிலிருந்து வெளியே வந்ததும் ஏரிக்கரை வீட்டுரிமைச் சங்கத்தில் புகார் கொடுத்தாள். கொடுத்த கையோடு அங்கேயே வேலைக்கும் சேர்ந்துகொண்டாள். ஏழைகள் இருக்கும் பகுதிகளுக்கு பஸ் விடச் சொல்லி வீடு வீடாகப் போய் ஆள் திரட்டுவது அவள் வேலை. புகாரைக் கவனித்தவள் வெர்னிஸ். சோதனைப் பிரிவின் தலைவி.

சங்கத்தின் சோதனை முறை எளிமையானது. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம் சொல்லும் இரண்டு பெண்கள் ஒரே வீட்டைத் தனித்தனியாகப் போய்க் கேட்பார்கள். ஒருத்தி கறுப்பு, ஒருத்தி வெள்ளை. இருவருக்கும் கிடைக்கிற பதில் வேறு வேறாக இருந்தால் வீட்டுக்காரன் மாட்டினான்.

கெல்னர் மாட்டவில்லை. ஒவ்வொரு முறையும் கறுப்புப் பெண்ணுக்குத்தான் உபசாரம் அதிகம். ஒருத்திக்கு காபி வேறு கொடுத்திருக்கிறான்.

"இவன் திருந்திட்டானோ என்னவோ," என்றாள் வெர்னிஸ்.

"பாம்பு தோலைத்தான் உரிக்கும் அக்கா. பல்லை உரிக்காது."

"நீ சொல்றது நியாயம்தான் டெலோயிஸ். ஆனா நியாயத்தைக் கோர்ட்டுல காட்ட முடியாது. ஆதாரம் வேணும். இன்னொரு தடவை அனுப்பிப் பாக்கறேன். அதுலயும் ஒண்ணும் இல்லேன்னா புகாரை மூடித்தான் ஆகணும்."

டெலோயிஸ் எழுந்து போனாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அந்த வாரமே தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் பஸ் கூட்டம். மருத்துவமனை வழியாகப் புதிய பஸ் விடுவது பற்றி ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்க போக்குவரத்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். லிண்டன் கோர்ட் வாசலில் ஒரு நிறுத்தம் என்று வரைபடத்தில் இருந்தது. கெல்னர் கோட்டும் டையுமாக எழுந்தான்.

"பஸ் வேண்டாம்னு நான் சொல்லல. என் வாசல்ல குழந்தைங்க விளையாடுது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? அந்தக் கவலைதான் எனக்கு."

பாதிப் பேர் கைதட்டினார்கள். டெலோயிஸ் தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

இடைவேளையில் காபி வரிசையில் அவன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"என்ன மிஸ் டெலோயிஸ், இன்னும் உளவாளிங்களை அனுப்பிட்டுத்தான் இருக்கீங்களா?"

"என்ன சொல்றீங்கன்னு புரியல."

"புரியும், புரியும். எங்கப்பா காலத்துலேருந்து வீடு வாடகைக்கு விடற குடும்பம் எங்களது. வீடு தேடி வர்றவளை எனக்குத் தெரியாதா?" அவன் குரலைத் தாழ்த்தினான். அதில் அப்படியொரு ஆனந்தம். "உங்க ஆளுங்க பிரசங்கம் கேக்க வந்த மாதிரி கையைக் கட்டிட்டு நிப்பாங்க. நான் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுவாங்க. நிஜமா குடிவர்றவ அப்படியா நிப்பா? குழாயைத் திறப்பா. டாய்லெட்டுல தண்ணி விட்டுப் பாப்பா. சிங்க்குக்கு அடியில கரப்பான் இருக்கான்னு குனிவா. உங்காளு ஒருத்தியாவது ஒரு குழாயைத் தொட்டிருக்காளா சொல்லுங்க? அப்படி ஒருத்தி வந்தா காபி குடுப்பேன். எனக்கென்ன நஷ்டம், அவதான் குடிவரப் போறதில்லையே!"

டெலோயிஸ் கையில் கொதிக்கக் கொதிக்க காபி. அவன் முகம் வீசுகிற தூரத்தில். அவள் கோப்பையை மேஜையில் மெதுவாக வைத்தாள்.

"சர்க்கரை வேணுமா மிஸ்டர் கெல்னர்?" என்றாள்.

கூட்டம் முடிந்ததும் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த வெர்னிஸிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். வெர்னிஸ் மடக்கிய நாற்காலியைத் திரும்பப் பிரித்து அதில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் தப்புதான்டி. எதையும் தொடாதே, கேள்வி கேக்காதே, பாத்ததை மட்டும் ஞாபகம் வச்சுக்கோன்னு நான்தான் பயிற்சி குடுத்தேன். நம்ம ஆளுங்க அவனைத் தூண்டிவிட்டாங்கன்னு எந்த வக்கீலும் சொல்லிடக் கூடாதேன்னு பயந்தேன். அந்தப் பயமே நம்ம நெத்தியில எழுதி ஒட்டியிருந்திருக்கு."

"சரி, அடுத்தவளுக்கு நான் சொல்லிக் குடுக்கறேன். அவன் எப்படிச் சிரிப்பான், எங்க நிப்பான், எல்லாம் எனக்கு அத்துப்படி."

"நீ கிட்டவே வரக் கூடாது. புகார் குடுத்தவ நீ. சோதனைக்குப் போறவங்க யாருன்னு உனக்குத் தெரிஞ்சாலே அவன் வக்கீல் கேஸைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவான்."

"எனக்காக இன்னொருத்தி அவனை அடிப்பா, நான் அதை வேடிக்கைகூடப் பாக்கக் கூடாதா?"

"கூடாது. பல்லைக் கடிச்சிட்டு இரு."

டெலோயிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பனி உருகியது. ஒருநாள் வெர்னிஸ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"மாட்டிட்டான். அவன் குரலே டேப்புல பதிவாகி இருக்கு. ஆனா இப்ப நீ கேக்கக் கூடாது. இன்னொரு விஷயம். அவன் வக்கீல் சமரசத்துக்கு வந்திருக்கார். நஷ்ட ஈடு குடுக்கறாங்களாம், நல்ல தொகை. மன்னிப்புக் கடிதமும் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் பதிவு வெளியில வரக் கூடாது."

"அப்ப அவன் பயப்படறது அதுக்குத்தான்."

"யோசிச்சுச் சொல்லு. விசாரணைன்னு போனா தோத்தாலும் தோப்போம். ஒரு காசும் வராது. உன் காலுக்கு இன்னும் வைத்தியம் பாக்கணும்."

"அக்கா, அவன் மன்னிப்பை வச்சு நான் என்ன பண்ண? ஃப்ரேம் போட்டு மாட்டவா? நாலு பேர் முன்னாடி அவன் உக்காந்து அவன் குரலையே கேக்கணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

விசாரணை ஊர் மன்றக் கூடத்தில் நடந்தது. டெலோயிஸ் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸுக்காகத் தட்டிய கதவுகளையெல்லாம் மறுபடி தட்டினாள். கூடம் நிறைந்தது. லிண்டன் கோர்ட்டில் குடியிருப்பவர்களும் வந்திருந்தார்கள். கெல்னரின் மனைவி முன்வரிசையில் முத்துமாலையோடு உட்கார்ந்திருந்தாள். பஸ் கூட்டத்துக்கு வந்த அதிகாரிகளில் ஒருவர் கடைசி வரிசையில்.

முதல் பதிவு ஓடியது. பள்ளிக்கூடச் சமையல்காரி ஒலிந்தா என்ற கறுப்புப் பெண்ணின் குரல். குழாயைத் திருகும் சத்தம், தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம்.

"தண்ணி என்ன இப்படி அழுதுட்டு வருது? சரி, டாய்லெட் எங்க? ஆங், இது பரவால்ல. இந்த அடுப்புல எவனோ மீன் பொரிச்சிருக்கான், நாத்தம் போகவேயில்லை. வீட்டை எப்பத் தருவீங்க?"

"அடடா," என்றது கெல்னரின் குரல். "காலியா இருந்தது இன்னைக்குக் காலையிலதான் போச்சும்மா."

டெலோயிஸின் முதுகு நிமிர்ந்தது. அதே வாக்கியம். அதே 'அடடா'.

இரண்டாவது பதிவு. அன்று பிற்பகல், மார்லீன் என்ற வெள்ளைக்காரி.

"எப்ப வேணா குடிவரலாம். ரெண்டு வீடு காலியா இருக்கு, பிடிச்சதை எடுத்துக்குங்க."

"வாசல்ல பஸ் வரப்போகுதாமே?"

சிரிப்பு. "வராது, வராது. குழந்தைங்க, விபத்துன்னு ரெண்டு வார்த்தை அழுதா அதிகாரிங்க உருகிடுவாங்க. பஸ் நின்னா அந்தக் கூட்டம் இறங்கும். இறங்கினா வீடு கேக்கும். நம்ம இடம் நம்ம இடமா இருக்கணும் இல்லையா?"

கெல்னரின் மனைவி மாலையை விரலால் திருகிக்கொண்டே எழுந்து வெளியே போனாள். கடைசி வரிசை அதிகாரி தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெல்னரின் காது மடல்கள் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தன.

நடுவர் டெலோயிஸைப் பார்த்தார். "ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

அவள் எழுந்தாள். செயற்கைக் கால் தரையில் டக்கென்றது.

"எனக்குச் சரியா கேக்கல ஐயா. கடைசியில சொன்னதை மறுபடி போடச் சொல்லுங்க."

போட்டார்கள். அவள் கெல்னரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் அவன்மேல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தீர்ப்பில் நஷ்ட ஈடு வந்தது, சமரசத்தில் சொன்னதைவிடக் குறைவாக. கோடைக்கு முன்பே லிண்டன் கோர்ட் வாசலில் பஸ் நின்றது. முதல் நாள் இறங்கியவர்களில் ஒலிந்தாவும் ஒருத்தி. தீர்ப்புப்படி காலியாக இருந்த வீடு அவளுக்குத்தான். டெலோயிஸுக்கும் ஒன்று தருவதாகச் சொன்னார்கள். கெல்னரின் கூரைக்குக் கீழே தூக்கம் வராது என்று மறுத்துவிட்டு, அதே பஸ் போகும் வழியில் வேறு வீடு பார்த்துக்கொண்டாள்.

தீர்ப்பில் இன்னொரு வரியும் இருந்தது. இனி எந்த வீடு காலியானாலும் பலகை மாட்டுவதற்கு முன் கெல்னர் தானே சங்கத்துக்கு போன் செய்து சொல்ல வேண்டும். அந்த போனை யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது டெலோயிஸ் கை தூக்கினாள்.

"கேஸ்தான் முடிஞ்சு போச்சே. இன்னும் எதுக்குடி?" என்றாள் வெர்னிஸ்.

"அவனுக்குத்தான் முடிஞ்சுது."

முதல் போன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

"கெல்னர் பேசறேன். மேல் மாடியில ஒரு வீடு..."

"எந்த கெல்னர்?"

"ரே கெல்னர். லிண்டன் கோர்ட்."

"ஒரு நிமிஷம் இருங்க."

அவள் ரிசீவரை மேஜைமேல் வைத்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். பீன்ஸும் சோள ரொட்டியும். ரொட்டியைப் பிட்டு, நிதானமாக மெல்ல ஆரம்பித்தாள். ரிசீவருக்குள்ளிருந்து "ஹலோ... ஹலோ..." என்று ஒரு சின்னக் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"பாவம்டி," என்றாள் வெர்னிஸ்.

"ரொட்டி வேணுமா அக்கா?" என்றாள் டெலோயிஸ்.