படப்பையிலிருந்து ஒரு லாகின்

காலை பத்து நாற்பது. ஜெரூஷா நான்காவது முறையாக என்டர் தட்டினாள். நான்காவது முறையும் சர்வர் இணைப்பைத் துண்டித்தது.

"என்னம்மா, ஆள் உசுரோட இருக்கா, இல்லையா?" முதலாளி கஸ்தூரிரங்கன் பின்னால் வந்து நின்றார். கையில் போன் விடாமல் அலறியது.

"உசுரோடதான் சார் இருக்கு. பிங் பண்ணினா பதில் வருது. லாகின்தான் விடமாட்டேங்குது."

"ஒரகடத்துல மூணு கம்பெனிக்காரன் காத்துக்கிட்டிருக்கான். பதினொண்ணுக்குள்ள டெஸ்பாட்ச் ஃபைல் ஏறலைன்னா அவன் சரக்கு கிளம்பாது. சரக்குக்குப் பதிலா என்னை லாரியில ஏத்துவான்!"

மேற்கு தாம்பரத்தில், பேக்கரி மாடியில், ஐந்தே பேர் வேலை பார்க்கும் அலுவலகம். சர்வர் பக்கத்து அறையில் ஏ.சி.க்குக் கீழே இருந்தது. ஜெரூஷா எழுந்து போய் அதன் சொந்தக் கீபோர்டின் முன் உட்கார்ந்தாள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் தடை. நேரில் வந்தவளை அது உள்ளே விட்டது.

ஓடுகிற ப்ராசஸ்களைப் பட்டியல் போட்டாள். பாதியில் தொங்கும் லாகின்கள், வரிசையாக. வாசலில் பத்துப் பேர் யாரென்று சொல்லாமல் நின்றால், பின்னால் வருகிறவர்களை சர்வர் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிடும். அதுதான் நடந்திருக்கிறது. அத்தனையும் ஒரே முகவரியிலிருந்து. ஐந்து வினாடிக்கு ஒன்று.

யார்?

யார் வந்தார்கள் என்று பதிவாகும் லாக் ஃபைலைத் திறந்தாள். பயனர் பெயர்: சுகுமார். இடம்: படப்பை.



"நம்ம சுகுமாரா? வேலையை விட்டுப் போய் ரெண்டு மாசம் ஆச்சே!" கஸ்தூரிரங்கன் எட்டிப் பார்த்தார். "பழி வாங்கறானா ராஸ்கல்? அந்த அட்ரஸை பிளாக் பண்ணு. போலீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட்டும் குடுத்துடலாம்."

அவருக்குத் தெரியாதது நிறைய இருந்தது. அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, அவளும் சுகுமாரும் மூன்று வருஷம் இதே சர்வருக்குள் பேசிக்கொண்டார்கள். 'ரைட்' என்று ஒரு கட்டளை. அடித்தால், எழுதியது நேராக அடுத்தவர் திரையில் போய் விழும். 'டீ?' 'வாடா.' 'சார் தூங்கறார்.' அப்படியே வளர்ந்தது. பிறகு அவன் அம்மா, சர்ச்சுக்குப் போகிற பெண் வேண்டாம் என்றாள். கொஞ்சம் டைம் குடு என்றே ஒன்றரை வருஷம் ஓட்டினான் சுகுமார். போதும், இனி என்னோடு பேசாதே என்றாள் ஜெரூஷா. அவன் ராஜினாமா எழுதினான்.

கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு, அலுவலக விதிப்படி அவன் அக்கவுன்ட்டை மூடியது அவள்தான். அதே சூட்டில் போனிலும் அவன் நம்பரை பிளாக் செய்தாள். கை நடுங்கவில்லை என்பதில் ஒரு பெருமைகூட.

பழி வாங்குகிற ஆளா அவன்? அது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"ஒரு நிமிஷம் சார்."

மொட்டைமாடிக்கு ஓடினாள். அவன் நம்பரின் தடையை நீக்கி அழைத்தாள். எடுத்தது ஒரு பெண்.

"சுகுமார் இல்லீங்களா? நான் ஜெரூஷா."



"அக்கா... நான் எழில். தங்கச்சி. இப்பதான் உங்களுக்கு லைன் கிடைச்சுதா? அன்னிக்கு உங்களுக்குத்தான் முதல்ல அடிச்சோம். இருபது தடவை இருக்கும். போகவே இல்லையே."

"என்னைக்கு?"

"அண்ணன் போய் மூணு வாரம் ஆச்சுக்கா. ஞாயித்துக்கிழமை. மண்ணிவாக்கம் தாண்டி, லாரி. எங்கே போயிட்டு வந்தான்னே தெரியலை. காலைல பையில ஆப்பிளு வாங்கிகினு போனான். அப்படியே திருப்பிக் கொண்டாந்துகினு இருந்திருக்கான். ரோடெல்லாம் ஆப்பிளுக்கா."

ஜெரூஷா தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஞாயிறு. செம்பாக்கம் சர்ச் வாசல். நீலச் சட்டையில் அவன், கையில் பை. பார்த்ததும் அப்பாவை இழுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவால் வெளியேறி ஆட்டோ ஏறினாள்.

"அவன் லேப்டாப் இப்ப எங்கே?"

"அது ரூம்ல ஓடிகினே கீதுக்கா. அம்மா அணைக்க விடமாட்டேங்குது. அவன் போட்டது ஓடட்டும்னு சொல்லுது. நேத்து மழையில நெட்டுதான் வந்து வந்து போவுது."

அதனால்தான் மூன்று வாரம் சத்தமில்லாமல் திரும்பிப் போன லாகின்கள், நேற்றிலிருந்து பாதி வழியில் அறுந்து வாசலிலேயே தங்கிவிட்டன. தெரியாத எவனெவனோ நாள் முழுக்கத் தட்டுகிற கதவு என்று, ஒரு நாளும் அவள் லாக்கைத் திறக்கவில்லை.

கீழே வந்தாள். மணி பத்து ஐம்பத்தொன்று.

"பிளாக் பண்ணிட்டியா?"

அவள் சுகுமாரின் அக்கவுன்ட்டைத் திறந்துவிட்டாள்.

ஐந்து வினாடி. ஒன்றுமில்லை. பத்து. லைன் அறுந்தது. பதினைந்து. திரை ஒருமுறை துள்ளியது.

'ஜெரூ, போன்ல பிளாக் பண்ணிட்ட, தெரியும். அம்மா சரின்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் வர்றேன். உங்கப்பாகிட்ட நானே பேசறேன். நீ பக்கத்துல நின்னா போதும்.'

அவ்வளவுதான். அடுத்த ஐந்து வினாடியில் எதுவும் வரவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. போய்ச் சேரும்வரை தட்டு, சேர்ந்ததும் நிறுத்து என்றுதான் லேப்டாப்பில் ப்ரோகிராம் எழுதி வைத்திருக்கிறான். லாக்கில் படப்பை அடங்கிவிட்டது. தொங்கிக்கொண்டிருந்த ப்ராசஸ்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

"ஏறிடுச்சு!" வெளியே கஸ்தூரிரங்கன் கத்தினார். "மூணு பேரும் உள்ளே போயிட்டாங்க! என்னம்மா பண்ணினே?"

ஜெரூஷா 'ரைட் சுகுமார்' என்று அடித்தாள். சர்வர் உடனே பதில் சொன்னது: சுகுமார் லாகினில் இல்லை.

"அவன் அக்கவுன்ட்டை சுத்தமா அழிச்சிடும்மா. மறுபடி தொல்லை வேணாம்."

அவள் மறுபடி அடித்தாள். சுகுமார் லாகினில் இல்லை.

மறுபடியும் அடித்தாள்.